நான்காயிரத்து ஐந்நூறாவது மீட்டர்

புது வரைபடம் மேசைக்கு வந்ததும் ஃபிதான்கா அசெனோவா நேரே கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். ப்ரெஸ்தோவிக் நகராட்சியில் நில அளவையாளராக இருபத்தோரு வருடம் வேலை பார்த்தவள். எங்கே கை வைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

யுரேனஸ், 2,090 மீட்டர். நெப்டியூன், 2,180 மீட்டர்.

அவள் எழுதிக் கொடுத்தது 2,870, 4,500.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். எண்கள் அப்படியேதான் இருந்தன. காது மடல் சூடேறுவது அவளுக்கே தெரிந்தது.

விஷயம் இதுதான். ஆற்றங்கரையில் ‘கோள்களின் பாதை’ என்று ஒன்று போட நகராட்சிக்கு வெளியிலிருந்து நிதி வந்திருந்தது. சதுக்கத்தில் சூரியன், பித்தளையில், ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உருண்டை. அங்கிருந்து ஆற்றோடு நடந்தால் ஒவ்வொரு கோளும் அதனதன் தூரத்தில் ஒரு கல்லில் பதிந்திருக்கும். ஒரு மீட்டர் நடந்தால் வானத்தில் பத்து லட்சம் கிலோமீட்டர் கடந்ததாகக் கணக்கு. கோள்களின் தூரத்தை நகர வானாய்வகத்துக் கிழவர் பனாயோத் கொடுத்தார். அதையெல்லாம் மீட்டராக்கி, தரையில் முளைக்குச்சி அடித்தது ஃபிதான்கா.

முதலில் விளையாட்டு வேலை என்றுதான் நினைத்தாள். பூமி பதினைந்து கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்து என்றைக்கோ மறந்திருந்தாள். அதே பூமி சதுக்கத்திலிருந்து நூற்றைம்பது மீட்டரில், பனிட்சா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரம் விற்கும் கடை வாசலில், கொண்டைக்கடலை அளவுக்கு வந்து நின்றபோது அவளுக்குள் ஏதோ அசைந்தது. வியாழன் 778 மீட்டரில், பேருந்து நிலையத்துக்கு எதிரே. சனி 1,430-ல், கால்பந்து மைதானத்தின் பின்பக்கம். அதற்கப்புறம் அளவைச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு நடந்தாள், நடந்தாள், ஒன்றுமே வரவில்லை. 2,200-ல் ரயில் பாலம். பாலத்துக்கு அப்பால் 2,870-ல் யுரேனஸ். சக்கரம் 4,500-ஐக் காட்டியபோது அவள் மஹாலாவின் பொதுக் குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள்.

மஹாலா என்றால் ரோமா என்ற ஜிப்சி இனத்தவர் ஊருக்கு ஒதுங்கி இருக்கும் பகுதி. ஃபிதான்கா பிறந்த வீடு அந்தக் குழாயடியிலிருந்து முப்பது தப்படி தூரம்.

அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. மூன்று தடவை கணக்குப் போட்டாள். பேசாமல் சூரியனை நகர்த்தலாமா என்றுகூட யோசித்தாள். ஆனால் சூரியன் சதுக்கத்தில்தான் என்று மேயர் முடிவு பண்ணி மேடையும் கட்டியாகிவிட்டது. நாலாயிரத்து ஐந்நூறு என்றால் நாலாயிரத்து ஐந்நூறு. எழுதிக் கொடுத்துவிட்டாள். பாதை போகிற இடமெல்லாம் தளக்கல்லும், நாற்பது மீட்டருக்கு ஒரு விளக்குக் கம்பமும் போகும் என்று திட்டத்தில் இருந்தது. பாலத்துக்கு அப்பால் அதுவரை இருந்தது சேறு மட்டும்தான்.

வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு தலைமைப் பொறியாளர் வெலிச்கோவின் அறைக்குப் போனாள்.

“சார், நெப்டியூன் எப்படி ரெண்டாயிரத்து நூத்தியெம்பதுக்கு வந்துச்சு?”

“நடந்து வந்திருக்கும்.” வெலிச்கோவ் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

“சார்.”

“என்ன சார்? நாலரைக் கிலோமீட்டர் எவன் நடப்பான்? சூரியன்ல கிளம்புறவன் வியாழன் வர்றதுக்குள்ள பீர் கேப்பான். பாலத்தோட முடிச்சிட்டோம். அவ்வளவுதான்.”

“அப்ப எல்லாத்தையும் சேத்துச் சுருக்குங்க. மீட்டருக்கு இருபத்தஞ்சு லட்சம்னு வைங்க, நெப்டியூன் ஆயிரத்தெண்ணூறுல வந்து உக்காந்துடும். எல்லாம் பாலத்துக்கு இந்தப் பக்கமே முடிஞ்சிரும். கணக்காவது கணக்கா இருக்கும்.”

“சூரியனை வார்த்தாச்சு. வேற அளவுன்னா சூரியனையும் சின்னதாக்கணும். மேயர் அதுக்குப் பக்கத்துல நின்னு ஃபோட்டோ எடுத்துக்கிட்டாரு. உருக்கச் சொல்றியா?”

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த வெலிச்கோவ் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிற பெண்ணை, வாசல் காவலாளியை, எல்லாரையும் ‘நீங்க’ என்பவர். ஃபிதான்காவை மட்டும் இருபத்தோரு வருடமாக ‘நீ’. அவள் அதைக் காதில் வாங்காமல் இருக்கப் பழகியிருந்தாள்.

“சூரியன் கல்லுல ‘ஒரு மீட்டர், பத்து லட்சம் கிலோமீட்டர்’னு வெட்டியிருக்கு. நெப்டியூன் கல்லுல நானூத்தம்பது கோடி கிலோமீட்டர்னு வெட்டியிருக்கு. வகுக்கத் தெரிஞ்சவன் எவனாவது பார்த்தா காறித் துப்புவான்.”

“வகுக்கத் தெரிஞ்சவன் எவனும் இந்த ஊருக்கு வர மாட்டான்.” வெலிச்கோவ் சிகரெட்டை அணைத்தார். முகத்திலிருந்த சிரிப்பும் போயிற்று. “நீயா கேட்டதால சொல்றேன். கவுன்சில்ல என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? நீ சூரியக் குடும்பத்தையே சுத்தி வளைச்சுக் கொண்டுபோய் கடைசிக் கோளை உங்கம்மா வீட்டு வாசல்ல நட்டுட்டேன்னு பேசிக்கிறாங்க. நான் இல்லன்னேன். ஆனா பார்க்கிறவனுக்கு அப்படித்தானே தோணும்?”

ஃபிதான்கா சுருட்டிய வரைபடத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இதே ஃபிதான்காதான், வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம், சொந்தச் சித்தப்பாவின் கொட்டகை எல்லைக்கு வெளியே நாற்பது சென்டிமீட்டர் நீண்டிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தவள். கொட்டகையை இடித்தார்கள். சித்தப்பா சாகும்வரை அவளோடு பேசவில்லை. சாவுக்குப் போனபோதும் சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இருபத்தோரு வருஷம் சார். ஒரே ஒரு சென்டிமீட்டர். நான் மாத்தி எழுதினது ஒரு சென்டிமீட்டர் காட்டுங்க, இன்னிக்கே வேலையை விட்டுப் போறேன்.”

“கத்தாதே. யாரு உன்னைப் போகச் சொன்னா?”

“காட்டுங்க சார்!”

காட்ட எதுவும் இல்லை. கதவைச் சாத்திவிட்டுப் போகும்படி சொன்னார். அவள் சாத்தவில்லை.

அங்கிருந்து நேரே குன்றின் மேல் இருக்கும் வானாய்வகத்துக்குப் போனாள். வரைபடத்தோடு ஒரு கடிதமும் இணைத்திருந்தார்கள். ‘இத்தகைய பாதைகளில் நெகிழ்வான அளவுவிகிதம் ஏற்கத்தக்கதே.’ கீழே பனாயோத்தின் கையெழுத்து.

பனாயோத் குவிமாடத்துக்கு அடியில் இரண்டு வாளிகளை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. தொலைநோக்கிக்கு மேல் ஒரு மேசை விரிப்பைப் போர்த்தியிருந்தார்.

“நெகிழ்வான அளவுவிகிதம்னா என்ன ஐயா? ரப்பரா?”

கிழவர் அவளைப் பார்க்கவில்லை. “உக்காருங்க ஃபிதான்கா. டீ போடட்டுமா?”

“டீ வேண்டாம். சொல்லுங்க. ரப்பரா?”

“கூரையைப் பாருங்க. மேயர் வர்ற வருஷம் போட்டுத் தரேன்னிருக்கார்.”

“ஓஹோ. கூரைக்கு ரெண்டு கோளு.”

“அப்படிச் சொல்லாதீங்க. நாப்பது வருஷமா இந்தத் தூரத்தையெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கேன். பள்ளிக்கூடப் பசங்க வருவாங்க, கல்யாண ஜோடி வரும், எல்லாரும் தலையாட்டுவாங்க. வாசலைத் தாண்டினா மறந்துருவாங்க. நாலாயிரமோ ரெண்டாயிரமோ, அவங்களுக்கு ‘ரொம்பத் தூரம்’. அவ்வளவுதான். யாருக்கு என்ன நஷ்டம்?”

“எனக்கு நஷ்டம். நான் நடந்தேன். சனிக்கும் யுரேனஸுக்கும் நடுவுல ஆயிரத்து நானூத்து நாப்பது மீட்டர் ஒண்ணுமே இல்லாம நடந்தேன். ‘அந்த ஒண்ணுமில்லாததுதான் ஃபிதான்கா வானம், மத்ததெல்லாம் தூசு’ன்னு எங்கிட்ட யாரு சொன்னா? நீங்க. இப்ப ரெண்டு கோளையும் தொண்ணூறு மீட்டர் இடைவெளியில பக்கத்துப் பக்கத்துப் பெஞ்சு மாதிரி போட்டிருக்காங்க. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

கிழவர் வாளியிலிருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வசந்த காலத்தில் இதே அறையில் அவர் அவளைக் கட்டிப்பிடித்துக் குதித்திருந்தார். கடைசிக் கல்லில் ஒரு வரி வேண்டும், அடுத்த நட்சத்திரம் எங்கே என்று போட வேண்டும் என்று கேட்டிருந்தார். ஃபிதான்கா காகிதத்தில் பூஜ்யங்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். நாற்பது லட்சம் கோடி கிலோமீட்டர். அதை மீட்டராக்கினால் நாலு கோடி மீட்டர். நாற்பதாயிரம் கிலோமீட்டர். ‘ஐயா, இது பூமியையே ஒரு சுத்து சுத்திட்டு மறுபடி நம்ம ஊருக்கே வந்து சேர்ற தூரம்’ என்றாள். அப்போதுதான் குதித்தார். இப்போது அதே மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது அவளை இன்னும் எரித்தது.

“நீங்க திருடியிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன்” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மஹாலாவுக்குப் போனாள். அண்ணன் மெதோதி கொத்து வேலைக்காரன். அவனும் அவன் ஆட்களும்தான் பாதைக்குத் தளக்கல் பதித்துக்கொண்டிருந்தார்கள். அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முழங்கால் வரை ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அவன் சுரண்டுவதை நிறுத்தவே இல்லை.

“எனக்கு மூணு வாரமாத் தெரியும்” என்றான். “கல்லு வண்டி பாலத்தோட நின்னுபோச்சு.”

“ஏண்ணே எங்கிட்ட சொல்லல?”

“சொல்லி?”

“சொல்லியிருந்தா அப்பவே போய்ச் சண்டை போட்டிருப்பேன்ல?”

மெதோதி கத்தியைக் கீழே வைத்தான். “பதினோரு வருஷமா விளக்குக் கேக்குறோம் தங்கச்சி. போன குளிர்காலத்துல எம் மாமனாருக்கு நெஞ்சு வலின்னு ஆம்புலன்ஸ் கூப்பிட்டோம். பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, இருட்டுல உள்ள வர மாட்டோம், தூக்கிட்டு வாங்கன்னாங்க. கதவைக் கழட்டி அதுல படுக்க வெச்சுத் தூக்கிட்டுப் போனோம். வழியிலயே முடிஞ்சிருச்சு. அப்ப நீ சண்டை போட்டியா?”

“எனக்கு அது அப்புறமாத்தானே தெரிஞ்சுது…”

“அப்புறமாத் தெரிஞ்சுது. சரி. தெரிஞ்சப்புறம் போட்டியா?”

அவள் தன் ஷூவில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தாள்.

“இப்ப உன் கணக்குல கை வெச்சுட்டாங்க. அதான் ரத்தம் கொதிக்குது. வெலிச்கோவ்கிட்ட என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு.”

“எல்லாத்தையும் சேத்துச் சுருக்குங்கன்னு…”

“சுருக்கினா எங்க முடியும்?”

“…பாலத்துக்கு இந்தப் பக்கம்.”

“‘இந்தப் பக்கம்’னா எந்தப் பக்கம்? நீ இருக்கிற பக்கமா, நாங்க இருக்கிற பக்கமா?” அவன் குரல் உயரவே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. “கணக்கு சரியா இருந்தா எங்களை விட்டுட்டுப் போகவும் தயாராத்தான் இருந்திருக்கே. போ. நீயும் அவங்களும் வானத்தைப் பத்திச் சண்டை போடுங்க.”

ஃபிதான்கா எழுந்து வந்துவிட்டாள். வழியெல்லாம் அண்ணனை மனதுக்குள் திட்டினாள். பள்ளிக்கூடத்துக்கு நான் நடந்தபோது நீ எங்கே இருந்தாய், மஹாலாப் பெண்ணுக்கு அளவைக் கருவியைத் தொட என்ன தகுதி என்று கேட்டவர்களுக்கு நடுவே நான் எப்படி வேலை பார்த்தேன் தெரியுமா என்று ஒவ்வொரு பதிலாகத் தயாரித்தாள். எல்லாம் நல்ல பதில்கள்தான். ஒன்றுகூட அவன் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை.

செப்டம்பரில் வேலை முடிந்தது. முடிந்த வேலை, ஒப்புதல் பெற்ற திட்டத்தின்படி இருக்கிறதா என்று நில அளவையாளர் அளந்து கையெழுத்துப் போட வேண்டும். அப்போதுதான் மீதி நிதி வரும். ஒப்புதல் பெற்ற திட்டம் என்பது முதலில் அனுப்பிய திட்டம். அதில் பாதையின் நீளம் நாலரைக் கிலோமீட்டர். மாற்றியதைத் தலைநகர் சோஃபியாவில் நிதி கொடுத்த அலுவலகத்துக்கு யாரும் தெரிவிக்கவில்லை. ஃபிதான்காவின் கையெழுத்தோடு எல்லாம் மூடி மறைந்துவிடும் என்று எண்ணியிருந்தார்கள்.

அவள் காலையில் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு போய் ஒவ்வொரு கல்லாக அளந்தாள். படிவத்தை நிரப்பினாள். ‘திட்டத்தோடு பொருந்துகிறதா’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினாள். ஒரு பிரதியை விதிப்படி சோஃபியாவுக்கு அனுப்பிவிட்டு, மற்றதை வெலிச்கோவின் மேசையில் வைத்தாள்.

“இல்லைன்னா என்ன அர்த்தம்?”

“இல்லைன்னா இல்லைதான் சார்.”

“நீ யாருக்கு வேலை பார்க்கிற?”

“மீட்டருக்கு” என்றாள். சொல்லிவிட்டு வெளியே வந்தபோது அவளுக்கே அது பெருமையாக இருந்தது.

அக்டோபரில் சோஃபியாவிலிருந்து ஆய்வாளர் வந்தார். கராமிஹோவா என்ற பெண்மணி, மழைக்கோட்டு போட்டு, யாரோடும் காபி குடிக்காமல், தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு சூரியனிலிருந்து நடந்தார். மேயரும் வெலிச்கோவும் பின்னால் ஓடினார்கள். நெப்டியூன் கல்லுக்கு முன்னால் நின்று கராமிஹோவா கைபேசியில் வகுத்துப் பார்த்தார்.

“நானூத்தம்பது கோடியைப் பத்து லட்சத்தால வகுத்தா ரெண்டாயிரத்து நூத்தியெம்பதா வரும்? உங்க ஊர்ல வகுத்தல் தனியா?”

மேயர் நெகிழ்வான அளவுவிகிதம் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

“ரெண்டே வழிதான். திட்டத்துல இருக்கிற தூரத்துக்குப் பாதையைக் கொண்டுபோங்க. இல்லன்னா நிதியைத் திருப்பிக் கட்டுங்க.”

அந்தச் செய்தி மஹாலாவுக்கு எப்படிப் போயிற்றோ தெரியாது. அடுத்த நாளே பாலத்துக்கு அப்பால் ஆட்கள் மண்வெட்டியோடு இறங்கிப் புதரை வெட்டி வழியைத் துப்புரவாக்கினார்கள். மெதோதி ஃபிதான்காவுக்கு ஃபோன் பண்ணி, “சாப்பிட வா” என்று மட்டும் சொன்னான். போனாள். அண்ணி தட்டில் இரண்டாவது தடவை பரிமாறினாள். அந்த ஒரு மாதம் ஃபிதான்கா அலுவலகத்தில் நிமிர்ந்து நடந்தாள்.

டிசம்பர் முதல் வாரம் மேயரே அவள் மேசைக்கு வந்தார். இருபத்தோரு வருடத்தில் முதல் தடவை.

“உங்களுக்கு நன்றி சொல்லணும் ஃபிதான்கா அம்மா. நீங்க சொன்னதுதான் சரி. தூரம் தப்பா இருந்துச்சு. திருத்திட்டோம். வந்து அளந்து குடுத்தீங்கன்னா முடிஞ்சிரும்.”

‘நீங்க’ என்றதைக் கேட்டதுமே அவள் சந்தேகத்தோடு கருவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பாதை கால்பந்து மைதானம் வரைக்கும் பழையபடியே ஆற்றோடு போயிற்று. சனியைத் தாண்டியதும் இடதுபக்கம் திரும்பிக் குன்றின் மேல் ஏறியது, பணக்காரர்களின் வில்லாக்கள் இருக்கும் பகுதிக்கு. அங்கே ஏற்கெனவே தார் ரோடு இருந்தது, எரிகிற விளக்குகளும் இருந்தன. அந்த விளக்குக் கம்பங்களைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கம்பங்களை நட்டிருந்தார்கள். யுரேனஸ் ஒரு டென்னிஸ் மைதானத்தின் வேலியோரம். நெப்டியூன் ஒரு நீச்சல் குளத்தின் கேட்டுக்கு முன்னால்.

“கோளெல்லாம் சூரியனைச் சுத்துதாம்” என்றார் மேயர். “எந்தப் பக்கம் வேணா இருக்கலாமாம். தூரம்தான் முக்கியமாம். பனாயோத் ஐயாவே எழுதிக் குடுத்திருக்காரு.”

ஃபிதான்கா அளந்தாள். தப்பாக இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டே அளந்தாள். இரண்டு மீட்டர் குறைந்தால் போதும், ஒரு மீட்டர் குறைந்தால்கூடப் போதும். மேட்டில் ஏறும்போது சக்கரம் வழுக்கியிருக்கும் என்று சொல்லித் திரும்பவும் போய் ஆரம்பத்திலிருந்து வந்தாள். கருவி வைத்து இன்னொரு தடவை பார்த்தாள். வெலிச்கோவ் இந்தத் தடவை ஒழுங்காக வேலை பார்த்திருந்தார். யுரேனஸ் 2,870. நெப்டியூன் 4,500. ஒரு கையகலம்கூடப் பிசகவில்லை.

வெலிச்கோவ் படிவத்தை அவள் முன் நகர்த்தினார். “என்ன, பொருந்துதா?”

தூரம் சரி. கல் சரி. கோளுக்குத் திசை கிடையாது என்பதும் சரி. பொய் என்று விரல் வைக்க அந்தத் தாளில் ஓர் இடம்கூட இல்லை. அது முழுக்க உண்மையாக இருந்ததால்தான் அவளுக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு கோபம் வந்தது. ‘ஆம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பேனா அழுந்தித் தாள் கிழிந்தது.

“புதுத் தாள் தரட்டுமா?” என்றார் வெலிச்கோவ்.

அவள் அளவைச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து சதுக்கத்தைக் கடந்தாள். பித்தளைச் சூரியன் மழையில் பளபளத்தது. ஓங்கி ஓர் உதை விட்டாள். சூரியனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் கட்டை விரல் நகம் பெயர்ந்தது. பேருந்துக்குக் காத்திருந்த இரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “என்ன பார்க்கறீங்க?” என்று கத்திவிட்டு நொண்டிக்கொண்டே நடந்தாள்.

ரயில் பாலம் வரைக்கும் நொண்டினாள். அங்கே நின்றபோதுதான் அண்ணன் சொன்னது முழுசாக உள்ளே இறங்கியது. மஹாலாவுக்கு விளக்கு வேண்டும் என்று அவள் இதுவரை யாரிடமும் கேட்கவே இல்லை. நெப்டியூனுக்கு விளக்கு வேண்டும் என்றுதான் கேட்டிருந்தாள். நெப்டியூனை அவர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மஹாலாவுக்கென்று வாய் திறக்க அவளுக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. கேட்டால் எல்லாரும் திரும்பி அவளைப் பார்ப்பார்கள், ஓ, நீ அங்கிருந்துதானே வந்தவள் என்று. அந்தப் பார்வையைத் தவிர்ப்பதற்காகவே இருபத்தோரு வருடம் சென்டிமீட்டருக்குப் பின்னால் ஒளிந்திருந்திருக்கிறாள். அவமானத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சக்கரத்தைப் பாலத்தின் முனையில் வைத்துப் பூஜ்யத்துக்குத் திருப்பினாள். அங்கிருந்து சேற்றில் தள்ளிக்கொண்டு போனாள். குழாயடியில் 2,300. மெதோதி வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“ரெண்டாயிரத்து முந்நூறு மீட்டர். அம்பத்தெட்டு கம்பம்” என்றாள்.

மெதோதி அவள் காலைப் பார்த்தான். ஷூவிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. “எதை உதைச்சே?”

“சூரியனை.”

“நல்லா உதைச்சியா?”

ஜனவரி கவுன்சில் கூட்டத்துக்கு ஃபிதான்கா வேலை உடுப்பில் போகவில்லை. மஹாலாவிலிருந்து நாற்பது பேர் அவளுக்குப் பின்னால் சுவரோரம் நின்றார்கள். நாற்காலி போதவில்லை என்றார் மேயர். நிற்கிறோம் என்றான் மெதோதி.

“உங்க அளவை சரின்னு ஆய்வாளரே சொல்லிட்டாங்களே அம்மா. இன்னும் என்ன?”

“இதுல கோள் எதுவும் இல்ல மேயர். பாலத்திலேர்ந்து குழாயடி வரைக்கும் ரெண்டாயிரத்து முந்நூறு மீட்டர். நாப்பது மீட்டருக்கு ஒண்ணுன்னு அம்பத்தெட்டு விளக்குக் கம்பம். நான் நில அளவையாளரா வரல. அங்க பொறந்தவளா வந்திருக்கேன். எங்க ஆளு ஒருத்தரைக் கதவுல வெச்சுத் தூக்கிட்டு வந்தாங்க, வழியிலயே செத்துப்போனாரு. அதைக் கேக்க வந்திருக்கேன்.”

“இந்த வருஷம் அதுக்கு ஒதுக்கீடு இல்லையே.”

“புதுசா வாங்க வேண்டாம். வில்லாப் பகுதியில பிடுங்கின பழைய கம்பம் நாப்பத்தொண்ணு நகராட்சிக் கிடங்குல கிடக்குது. எல்லாமே எரியுது. ஒவ்வொண்ணா மின்சாரம் குடுத்துப் பார்த்தேன்.”

“யாரு உனக்குக் கிடங்குச் சாவி குடுத்தது?” வெலிச்கோவ் எழுந்து நின்றார்.

“‘உனக்கு’ இல்ல, ‘உங்களுக்கு’ன்னு கேளுங்க” என்றாள் ஃபிதான்கா. “முதல்ல ‘நீங்க’ன்னு சொல்லுங்க. அப்புறம் சாவியைப் பத்திப் பேசலாம்.”

வெலிச்கோவ் சொல்லவில்லை, உட்கார்ந்துவிட்டார்.

ஜனவரியில் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார்கள். பிப்ரவரியில் மறுபடி போனார்கள், அறுபது பேர். அன்றைக்கு மேயருக்கு உடம்பு சரியில்லை என்று கூட்டத்தை ஒத்திவைத்தார்கள். அந்த வாரமே ஃபிதான்காவைப் பழைய ஆவண அறைக்கு மாற்றினார்கள். கருவியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அவள் ரசீது கேட்டு வாங்கிக்கொண்டு கொடுத்தாள். மார்ச்சில் உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் ஒருவன் கிடங்கில் கிடந்த கம்பங்களைப் படம் எடுத்துப் போட்டான். தேர்தலுக்கு ஏழு மாதம்தான் இருந்தது. தீர்மானம் நிறைவேறியது, ஆனால் இருபத்தாறு கம்பத்துக்குத்தான். மீதி பதினைந்தும் கால்பந்து மைதானத்துக்காம்.

ஏப்ரலில் கம்பம் நட வந்தார்கள். மெதோதியின் ஆட்கள் கூலி கேட்காமல் குழி தோண்டினார்கள். குழந்தைகள் கம்பத்துக்குக் கம்பம் ஓடினார்கள். இருபத்தாறாவது கம்பம் டயர் ஒட்டுகிற கடைக்கு முன்னால் நின்றது. அதைத் தாண்டி ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல் இன்னும் இருட்டுதான். ஒப்பந்தக்காரன் கயிற்றைச் சுருட்டி வண்டியில் போட்டான்.

மஹாலாவே கொண்டாடியது. யாரோ ராக்கியா என்ற பழச்சாராய பாட்டிலைத் திறந்தார்கள். அண்ணி ஃபிதான்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பக்கத்து வீட்டுக்காரர், “பாதியாவது வந்துச்சேம்மா, சிரி” என்றார்.

“பாதிகூட இல்ல” என்றாள் ஃபிதான்கா. “பாதின்னா இருபத்தொம்போது.”

“இன்னிக்கு ஒரு நாளாவது விடேன் தங்கச்சி” என்றான் மெதோதி. “வா, ஒரு வாய் குடி.”

“குடிக்கிறேன். இன்னும் முப்பத்திரெண்டு இருக்குண்ணே. மே கூட்டத்துக்கு மனு வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும்.” அவள் ஒப்பந்தக்காரனின் வண்டி முகப்பில் காகிதத்தை விரித்தாள். “பேனா யாருகிட்ட இருக்கு?”

மெதோதி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நீட்டினான். “முதல்ல என் பேரை எழுது” என்றான்.